வழியறிவிப்பும் ஓர் அமானிதமே

சாமளாபுரத்திற்கு எழுதப்பெற்ற கடிதம் ஒன்றை வடகோடி அஞ்சலகம் எவ்வாறு அனுப்பி வைக்கிறது? அவ்வூர் எங்குள்ளதென அது அறிய வேண்டுவதில்லை. 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் 641 எனக் கண்டதும், கோவைப் பக்கம் அனுப்பிவிடும். எஞ்சியதை இங்குள்ளோர் பார்த்துக்கொள்வர். பல ஊர்களை ஓரெண்ணுள் அடக்கும் இம்முறையே, கணினி வலையமைப்பில் வழித்தொகுப்பு எனப்படுகிறது.

ஒரு நிறுவனத்தினுள்ளே ரூட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ள ஓ.எஸ்.பி.எஃப். போன்ற நெறிமுறைகள் உள, நிறுவனங்களுக்கிடையே பி.ஜி.பி. என்னும் நெறிமுறை வழங்குகிறது. முன்னதிலுள்ள வழிகளைப் பின்னதற்கு மாற்றுங்கால், 256 முகவரிகள் கொண்ட நான்கு அடுத்தடுத்த தொகுதிகளை 1,024 முகவரிகள் கொண்ட ஒரே தொகுதியாக அறிவிக்கலாம். 1993இல் வகுப்பில்லா முகவரி முறை வகுக்கப்பெற்றதன் நோக்கங்களுள் இச்சுருக்கமும் ஒன்று. அவ்வாறு சுருக்கியும், இன்று உலக வழிப்பட்டியல் ஒன்பது இலட்சத்தைக் கடந்து நிற்கிறது.

ரூட்டர் தன் அண்டையார் சொல்லை நம்புவது. ஒரே முகவரிக்கு இருவர் வழி கூறின், குறுகிய தொகுதியைக் கூறுபவரையே அது ஏற்கும். 1997 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவில் 7007 என்னும் எண்ணுடைய வலையமைப்பு, பிறருடைய பெருந்தொகுதிகளைச் சிறுதுண்டுகளாக்கி, அவையனைத்தும் தன்னிடமே தொடங்குவனபோல் அறிவித்துவிட்டது. இணையத்தின் பெரும்பகுதி அதனை நம்பித் தடுமாறிற்று. நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியா வலையமைப்பு, தனக்குரியவை அல்லாத 30,000க்கும் மேற்பட்ட வழிகளைத் தவறுதலாக அறிவித்தது.

"இவை பெருநிறுவனங்களின் பாடு; நமக்கென்ன?" என்பார் உளர். சாமளாபுரம், சோமனூர் விசைத்தறிகளும் திருப்பூர்ப் பின்னலாடையும் வாழ்வது வெளியூர் வணிகத்தால். அவ்வணிகத்தின் கொள்முதல் ஆணையும் வங்கிச் செய்தியும் இன்று இவ்வழிகளிலேயே வருகின்றன. எங்கோ ஒருவர் செய்யும் கவனக்குறைவு இங்கே கூலியைத் தாமதப்படுத்தக் கூடும்.

ஆகவே, வழித்தொகுப்பைக் கற்பிப்போர் கட்டளைகளை மட்டும் கற்பித்தல் போதாது என்பது என் துணிபு. தன்னிடம் இல்லாத முகவரியைத் தொகுப்பில் சேர்க்கலாகாது. தொகுப்பினுள் பயன்பாட்டில் இல்லாத முகவரிக்கு வரும் தரவு சுற்றியலையாதவாறு, அதனைக் கைவிடும் வழியையும் உடன் அமைத்தல் வேண்டும். நெறிமுறை மாறும் வாயிலில் வடிகட்டி இன்றி எவ்வழியையும் வெளிவிடலாகாது. எத்தொகுதியை எவர் அறிவிக்கலாம் எனச் சான்றுரைக்கும் ஆர்.பி.கே.ஐ. முறையையும் மேற்கொள்ளல் வேண்டும். இந்நான்கும் தேர்வுக்குரிய பாடம் மட்டுமல்ல, தொழிலின் ஒழுக்கமுமாம்.

பிறர் நம்பி ஒப்படைத்ததைப் பேணுதலை அமானிதம் என்கிறோம். நம் சொல்லை நம்பி உலகின் தரவுகள் நம் வாயிலுக்கு வருகின்றன. உள்ளதை மட்டுமே உரைப்பது கடையில் தராசு பிடிப்போர்க்கு எத்துணைக் கடமையோ, அத்துணைக் கடமை ரூட்டரின் முன் அமரும் மாணவர்க்கும் உண்டு.