கிளறுகிறவருக்கும் ஒரு நாற்காலி

தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பண்டிகைத் துணி எடுத்து முடித்த குடும்பம் நேராக வீட்டுக்குத் திரும்புவதில்லை. கை நிறையப் பைகளோடு ஏதாவது ஒரு ஹோட்டலுக்குள் நுழையும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எழும்வரை அவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்கும். நெய் ரோஸ்ட், பூரி, ரவா தோசை என்று ஆளுக்கொன்று சாப்பிட்டு, காபியும் குடித்துவிட்டுத்தான் கிளம்பும். பல தலைமுறையாகத் தொடரும் வழக்கம் இது. அந்த மேஜையில், வீட்டில் அநேகமாக நடக்காத ஒன்று நடக்கிறது. தினமும் எல்லோருக்கும் தோசை வார்த்துப் போடுகிறவர், அன்று எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து, சூடு ஆறாத தோசையைச் சாப்பிடுகிறார்.

ஹோட்டலில் சாப்பிடுவது சரியா தவறா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எண்ணெய், உப்பு, செலவு ஆகிய மூன்றும் கணக்கில் வருகின்றன. வரவேண்டியவைதான். ஆனால் அந்த நாற்காலி மட்டும் கணக்கில் வருவதே இல்லை. குடும்பச் சாப்பாடு நல்லதா என்று பார்க்க, சமைத்தவர் எப்போது, எங்கே, எந்தச் சூட்டில் சாப்பிட்டார் என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்கான எண்களைத் தருகிறது. 2019 ஆய்வின்படி, சமையல் உள்ளிட்ட சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதில் செலவிட்டார்கள். 2024 ஆய்வில் அவை 289, 88 என்று ஆகியிருக்கின்றன. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் கொடுக்கும் நேரமும் ஒன்பது நிமிடம் சுருங்கிவிட்டது.

யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது இந்த நகரத்தில் என்றுமே சின்ன விஷயமாக இருந்ததில்லை. உடுப்பியிலிருந்து வந்து, அடுக்களை எடுபிடியாகத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ், 1930களின் இறுதியில் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கினார். பிறகு மயிலாப்பூர் பக்கம் நியூ உட்லண்ட்ஸ் வந்தது. 1962-ல் கதீட்ரல் சாலையில் திறந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸில் காரின் ஜன்னலிலேயே தட்டை மாட்டி டிபன் பரிமாறினார்கள். 2008-ல் அது மூடப்பட்டு, இன்று அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடுவது கௌரவமான, மகிழ்ச்சியான காரியம் என்று சென்னையின் நடுத்தர வர்க்கத்துக்குக் கற்றுக்கொடுத்ததில் இந்த உடுப்பி ஹோட்டல்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த மகிழ்ச்சி எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. ஹோட்டல்களில் சாதிவாரியாகத் தனி இடம் ஒதுக்கிய காலம் இருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில், ‘பிராமணாள்’ என்ற பெயர்ப் பலகையை எதிர்த்துப் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதானார்கள். எவர் பக்கத்தில் எவர் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற இன்றைய நிலைக்குப் பின்னால் அப்படியான போராட்டங்கள் இருக்கின்றன. பொது மேஜையில் நாற்காலி கிடைத்துவிட்டது. வீட்டு மேஜையில் சமைப்பவரின் நாற்காலி இன்னும் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.

வீட்டுச் சமையலும் ஹோட்டல் சமையலும் எதிரெதிர் அணிகள் என்பதற்குச் சென்னையின் வரலாற்றில் சான்று இல்லை. இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றே வளர்ந்திருக்கின்றன. 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டபோது, வாய்வழியாகவே கைமாறி வந்த வீட்டுக் கைப்பக்குவம் அளவுகளோடு அச்சில் ஏறியது. அதே 1951-ல் மவுண்ட் ரோட்டில் புஹாரி ஹோட்டல் திறந்தது. 1965-ல் தாங்கள் அறிமுகப்படுத்தியதாக அந்த ஹோட்டல் சொல்லும் சிக்கன் 65, இன்று தெருமுனை மளிகைக் கடையில் மசாலாப் பாக்கெட்டாகத் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எத்தனையோ வீட்டு வாணலிகளில் பொரிகிறது. மயிலாப்பூர் அருண்டேல் தெருவின் ராயர் மெஸ்ஸும், மாட வீதியின் கற்பகாம்பாள் மெஸ்ஸும் போன வழி இதற்கு நேர் எதிர். வீட்டில் காலையில் கிடைக்கும் இட்லியையும் பொங்கலையும் வடையையும் வெளியே பரிமாறியே அவை பெயர் வாங்கின.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் அடுத்து வீட்டுக்குள் வரத் தகுதியான உணவு ஒன்று உண்டென்றால், அது ரிசோட்டோ. நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலின் ‘ப்ரெகோ’ போன்ற இத்தாலிய உணவகங்களில் பரிமாறப்படும் இது, இப்போது அடையாறு, பெசன்ட் நகர், ஆழ்வார்பேட்டை கஃபேக்களின் மெனுவிலும் பாஸ்தாவுக்குப் பக்கத்தில் இடம்பிடித்திருக்கிறது. பெயர் அந்நியமாக ஒலித்தாலும் தட்டில் வருவது குழைந்த சோறுதான். பொங்கல் சாப்பிட்டு வளர்ந்த ஊருக்கு அதில் மிரள ஒன்றுமில்லை.

ரிசோட்டோ பிறந்த இடமும் நெல் விளையும் பூமிதான். வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில், வெர்செல்லி, நோவாரா, பாவியா பகுதிகளில் தண்ணீர் கட்டிய வயல்கள் மைல் கணக்கில் விரிந்து கிடக்கின்றன. அங்கே களை பறித்தவர்களும் நாற்று நட்டவர்களும் பெரும்பாலும் பெண்கள். முழங்கால் அளவு தண்ணீரில் குனிந்து நின்ற அந்தப் பெண்கள் வேலை நேரத்துக்காகப் போராடி, 1906-ல் வெர்செல்லியில் எட்டு மணி நேர வேலையை வென்றார்கள். அவர்களின் வாழ்க்கையை வைத்து ஜியுசெப்பே தே சாந்திஸ் 1949-ல் இயக்கிய ‘ரிசோ அமாரோ’ உலக சினிமாவில் பேசப்படும் படம். தஞ்சையின் நடவுப் பெண்களை அறிந்தவர்களுக்கு அந்த வயல்கள் தூரமாகத் தெரியாது.

சமைக்கும் முறை எளிது, கவனம் மட்டும் வேண்டும். நான்கு பேருக்கு 300 கிராம் அரிசியும் ஒன்றேகால் லிட்டர் காய்கறிச் சாறும் போதும். வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிவக்காமல் வதக்கி, கழுவாத அரிசியைப் போட்டு இரண்டு நிமிடம் வறுக்க வேண்டும். மூன்று தண்ணீர் விட்டு அரிசி களையும் கைக்கு இது சங்கடமாக இருக்கும். ஆனால் களைந்தால் ஓடிவிடும் அந்த மாவுதான் ரிசோட்டோவுக்குக் குழைவு தருகிறது. பக்கத்து அடுப்பில் கொதித்தபடி இருக்கும் சாற்றை ஒரு கரண்டி ஊற்றி, அது வற்றியதும் அடுத்த கரண்டி ஊற்றிக் கிளற வேண்டும். இத்தாலிய அரிசியானால் பதினாறு முதல் பதினெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். அடுப்பை அணைத்தபின் வெண்ணெயும் துருவிய சீஸும் சேர்த்து வேகமாகக் கிளறி, இரண்டு நிமிடம் மூடி வைத்துப் பரிமாற வேண்டும்.

ஹோட்டலில் பெரும்பாலும் கொஞ்சம் ஒயின் ஊற்றுவார்கள். வேண்டாதவர்கள் ஆர்டர் செய்யும்போதே கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் கடைசியில் சில துளி எலுமிச்சைச் சாறு ஒயினின் புளிப்பைத் தந்துவிடும். சைவக் குடும்பங்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அசல் பார்மிஜானோ சீஸில் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட். பச்சைப் புள்ளி போட்ட உள்ளூர் சீஸே அவர்களுக்குச் சரி.

ஆர்போரியோ, கார்னரோலி போன்ற இத்தாலிய அரிசிகளை அடையாற்றின் பெரிய கடைகளில் வாங்கலாம். உள்ளூர் அரிசியைப் போலப் பல மடங்கு விலை. அது இல்லாமல் முடியாதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், முடியும், ஆனால் அரிசியின் குணம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே. பிரியாணிக்குப் பேர்போன சீரக சம்பா சாற்றை நன்றாக இழுத்து வாசனையையும் தரும். ஆர்போரியோ அளவுக்குக் கூழ் விடாது. புதுப் பச்சரிசி தாராளமாகக் கூழ் விடும். கொஞ்சம் அசந்தால் பொங்கலாகிவிடும். சோறு உதிரி உதிரியாக வர வேண்டும் என்று கடைக்காரரிடம் ‘பழைய அரிசியா?’ என்று கேட்டு வாங்குவது சென்னையின் பழக்கம். ரிசோட்டோவுக்கு அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டு, புது அரிசி கேட்க வேண்டும். இத்தாலியிலேயே வெனிஸ் பக்கத்தில் வியலோனே நானோ, பீட்மாண்ட் பக்கத்தில் வேறு அரிசி என்று ஊருக்கு ஊர் மாறுகிறது. காவிரிப் படுகை அரிசியில் செய்ததைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. நெல் ஜெயராமன் போன்றவர்கள் தேடித் தேடி மீட்டுத் தந்த நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களுக்கு, சென்னையின் அடுக்களையில் இது இன்னொரு வாசலாகவும் அமையும்.

அதோடு போடுவதற்கும் மயிலாப்பூரில் பஞ்சமில்லை. தெற்கு மாட வீதியிலும் தண்ணீர்த்துறை மார்க்கெட்டிலும் கிடைக்கும் பரங்கிக்காய், இத்தாலியின் மாந்துவா ஊர்க்காரர்கள் ரிசோட்டோவில் விரும்பிப் போடும் காய். அசைவம் சாப்பிடுகிறவர்கள் நொச்சிக்குப்பத்தில் இறால் வாங்கி, ஓட்டைத் தூக்கி எறியாமல் வறுத்துக் கொதிக்கவிட்டால், அதைவிட நல்ல சாறு வேறில்லை. இறால் போட்டால் சீஸ் தேவையில்லை; இத்தாலியர்களும் பொதுவாகப் போடுவதில்லை.

வீட்டுப் பெரியவர்கள் முதல் வாயிலேயே ‘அரிசி வேகவில்லை’ என்று சொல்லக்கூடும். நடுவில் லேசான கடி இருப்பதுதான் இத்தாலியப் பதம். பாட்டிக்கும் குழந்தைக்கும் அந்தப் பதம் வேண்டாமென்றால் இன்னும் இரண்டு கரண்டி சாறு ஊற்றினால் போயிற்று. வீட்டுச் சமையலின் சுதந்திரமே அதுதானே.

இந்த உணவைக் குறிப்பாகச் சிபாரிசு செய்வதற்கு ருசியைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு. முன்கூட்டியே செய்து வைக்க முடியாத பண்டம் இது. ஆறினால் பொங்கலைப் போலவே இறுகிவிடும். தோசையைப் போல ஒருவர் நின்று ஒவ்வொருவருக்காக வார்த்துக்கொண்டிருக்கவும் வழியில்லை. ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில், எல்லோருக்கும் தயாராகிவிடும். இறக்கிய நிமிடத்தில் எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டும், கிளறியவர் உட்பட.

ஆனால் அதே இருபது நிமிடக் கிளறலும் மற்ற வேலைகளோடு ஒரே பெண்ணின் தலையில் ஏறுமானால், ரிசோட்டோ வந்தும் பயனில்லை. வெங்காயம் நறுக்க ஒருவர், சாறு ஊற்ற ஒருவர், கிளற ஒருவர் என்று இதைப் பிரிப்பது சுலபம். கிளறும் பொறுப்பை அப்பாவும் பையனும் எடுத்துக்கொள்ளட்டும். ரகசியக் கைப்பக்குவம் எதுவும் வேண்டாத, கடிகாரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை அது. ‘எனக்குச் சாம்பார் வைக்கத் தெரியாது’ என்று காலம் காலமாகச் சொல்லி வந்த சாக்கு இதில் செல்லாது. இந்த வீட்டில் யாருக்குமே ரிசோட்டோ தெரியாது. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

வீட்டில் சமைப்பது, வெளியே உட்கார்ந்து சாப்பிடுவது ஆகிய இரண்டின் நன்மைகளையும் டெலிவரி செயலிகள் சேர்த்துக் கெடுக்கின்றன. நல்ல தோசை அட்டைப் பெட்டிக்குள் வியர்த்துத் துவண்டு வருகிறது. ரிசோட்டோ பிளாஸ்டிக் டப்பாவில் களியாகி வருகிறது. சமைத்துப் பார்க்கும் அனுபவமும் இல்லை, மேஜையில் பரிமாறப்படும் மகிழ்ச்சியும் இல்லை. ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு டப்பா என்று முடிகிற ராத்திரிகள் பெருகிவிட்டன. உடம்பு முடியாத நாளுக்கும் வேலை நெருக்கும் நாளுக்கும் அந்தச் செயலி இருக்கட்டும். வெளிச் சாப்பாட்டுக்கென்று குடும்பம் ஒதுக்கும் பணம், உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்குப் போவது நல்லது. ராயர் மெஸ் வாசலில் காத்திருந்து சாப்பிட்டால் போதும். எல்லா மாதமும் நட்சத்திர ஹோட்டல் வேண்டியதில்லை.

உணவகங்கள் செய்யக்கூடியதும் உண்டு. இறக்குமதி அரிசிக்குப் பக்கத்தில் சீரக சம்பாவையோ கிச்சிலி சம்பாவையோ வைத்து ஒரு ரிசோட்டோவை மெனுவில் சேர்க்கலாம். அரிசியின் பெயரையும் விளைந்த மாவட்டத்தையும் எழுதலாம். ஒயின் உண்டா, சீஸ் சைவமா என்பதைக் கேட்காமலே அச்சடிக்கலாம். மேஜையில் ருசித்ததை மறுவாரம் வீட்டில் செய்து பார்க்க, வாடிக்கையாளருக்கு அந்த இரண்டு வரியே போதும்.

தை, மாசியில் டெல்டாவின் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி சென்னைக்கு வரும். ஒரு கிலோ புதுப் பச்சரிசியும் ஒரு கிலோ சீரக சம்பாவும் வாங்கி, அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பார்த்தால், எது தங்கள் வீட்டுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். உள்ளூர் அரிசிக்குப் பதினெட்டு நிமிடம் வரை காத்திருக்காமல் பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்தே ஒரு பருக்கை எடுத்துக் கடித்துப் பார்ப்பது நல்லது. முதல் ஞாயிறு கிளறப் போவது யார் என்பதைச் சனிக்கிழமை ராத்திரியே முடிவு செய்துவிடலாம். இதுவரை அந்த அடுக்களையில் அதிகம் நின்றவரின் பெயரை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.