பட்டினத்துக் குரலும் நாட்டுப்புறக் குரலும்

தன் ஊர்ச் செய்தியைத் தன் ஊரார் வாயிலாகவே கேட்க விழைதல் மனிதர்க்கு இயல்பு. அயலூரார் ஆயிரம் விஷயங்களை அழகுற எடுத்துரைக்கலாம். ஆயினும் நம் ஆற்றில் வெள்ளம் எவ்வளவு ஏறிற்று, நம் சந்தையில் ஆட்டின் விலை என்ன என்பவற்றை அவர் சொல்லப் போவதில்லை. இவ்வுண்மையைத் தெள்ளிதின் விளக்குவது ஆஸ்திரேலியா தேசத்துத் தொலைக்காட்சியின் வரலாறாகும். அதனை ஈண்டுச் சுருங்க ஆராய்ந்து, நாம் கொண்ட அபிப்பிராயத்தை வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம்.

1956-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16-ந் தேதி ஸிட்னி நகரில் டீ. ஸீ. என். 9 என்னும் நிலையம் முறையான ஒளிபரப்பைத் தொடங்கிற்று. மெல்போர்ன் நகரில் அவ்வாண்டு நவம்பரில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்குமுன்னரே அந்நகரத்தாரும் தொலைக்காட்சியைக் கண்டனர். பிரிஸ்பேன், அடிலெய்டு, பெர்த் நகரங்கள் 1959-லும், ஹோபார்ட் 1960-லும் இப்பேற்றினைப் பெற்றன. நாட்டுப்புறத்தாரோ காத்திருந்தனர். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் கோபுரத்தின் கண்ணுக்கெட்டும் தொலைவளவே செல்வன. ஆதலின், ஒவ்வொரு பிரதேசத்திற்கும் தனிக் கோபுரம் இன்றியமையாததாயிற்று.

1961 டிசம்பர் 9-ல் விக்டோரியா மாகாணத்து ட்ரரால்கன் என்னும் ஊரில் நாட்டின் முதற் பிரதேச நிலையம் எழுந்தது. அம்மாதமே பெண்டிகோ, ஷெப்பர்ட்டன் ஊர்களும், அடுத்த ஆண்டில் நியூகாஸில், வொலங்காங், ஆரஞ்சு முதலிய ஊர்களும் நிலையங்கள் பெற்றன. லைசென்சு வழங்குங்கால், தலைநகர்ச் செல்வரினும் உள்ளூரார் கூடி அமைத்த கம்பெனிகளுக்குச் சர்க்கார் சலுகை காட்டிற்று. ஒருவர் இரண்டு நிலையங்களுக்கு மேல் உடைமை கொள்ளலாகாதென்னும் விதியும் இருந்தது. இவற்றின் பயனாக, நிலையம் அவ்வூர்ச் சொத்தாகவே விளங்கிற்று. ஊர்ச் செய்தியும், உள்ளூர்க் கடைக்காரர் விளம்பரமும், ஊர்ப் பிள்ளைகளின் நிகழ்ச்சியும் அதில் இடம்பெற்றன.

இந்நிலையில் குறையும் இருந்தது. அதனை மறைத்தல் நேர்மையன்று. தலைநகரத்தாருட் பலர் 1965-க்குள் மூன்று வியாபார நிலையங்களுள் விரும்பியதைக் காணலாயினர். நாட்டுப்புறத்தார்க்கோ, பொதுப் பணத்தால் நடைபெறும் ஏ. பி. ஸி. நீங்கலாக, ஒரே வியாபார நிலையந்தான். அந்நிலையம் அளித்ததை உண்பதன்றி வேறு வழியில்லை. தாமும் அதே நாட்டின் குடிகளாயிருக்கத் தமக்கு மட்டும் ஏன் இவ்வஞ்சனை என்று அவர்கள் வினவியது முற்றும் நியாயமே.

இக்குறையைத் தீர்க்கச் சர்க்கார் கண்ட உபாயம் யாது? 1989 முதல் 1992 வரை, கிழக்கு மாகாணங்களில் அண்டையண்டையான பிரதேசங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. தத்தம் எல்லைக்குள் தனித்திருந்த நிலையங்கள் விரிந்த எல்லை முழுவதும் ஒளிபரப்பி ஒன்றோடொன்று போட்டியிடலாயின. ஒவ்வொன்றும் ஸெவன், நைன், டென் என்னும் தலைநகர் வலைகளுள் ஒன்றைச் சார்ந்து, அதன் நிகழ்ச்சிகளைப் பெற்று, தன் வருமானத்தில் ஒரு பங்கை அதற்குச் செலுத்தியது. நாட்டுப்புறத்தார்க்கு மூன்று நிலையங்கள் கிடைத்தன. ஆனால் மூன்றிலும் ஒலித்தது பெரும்பாலும் பட்டினத்துக் குரலே.

புதிய கோபுரங்களின் செலவும், வலைக்குரிய கட்டணமும், போட்டியாற் குறைந்த விளம்பர வரவும் ஒருங்கே நெருக்கின. அந்நெருக்கடியில் முதலிற் பலியாவது உள்ளூர்ச் செய்தியே. ஏனெனில் அதனைத் தயாரிக்க ஆளும் பொருளும் வேண்டும், பட்டினத்து நிகழ்ச்சியோ ஆயத்தமாகவே வந்து சேரும். 2001-ல் பல ஊர்களில் செய்திப் பிரிவுகள் மூடப்பட்டன. அதன்பின் 2004 முதல், இணைக்கப்பட்ட பிரதேசங்களில் குறித்த அளவு உள்ளூர் விஷயம் ஒளிபரப்பியே தீரவேண்டுமென்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அந்நிபந்தனையும் செய்திப் பிரிவுகள் அனைத்தையும் காத்துவிடவில்லை: 2019-ல் வின் கம்பெனி ஆரஞ்சு, டப்போ, வாகா வாகா, ஆல்பரி முதலிய ஊர்களில் தன் செய்திப் பிரிவுகளை மூடிற்று.

மில்டுரா என்னும் ஊரின் கதையும் கருதத்தக்கது. 2010 ஜூன் 30-ல் பழைய முறை ஒளிபரப்பு முற்றிலும் நின்று, டிஜிட்டல் முறைக்கு முதன்முதல் மாறிய பிரதேசம் அதுவே. சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் 30-ல், டென் வலையின் ஒளிபரப்பு அங்கே நின்றுபோயிற்று. வரவினும் செலவு மிக்கதே காரணம். இணைப்பினால் ஊர்க்குரல் மெலிந்தது. சந்தையை மட்டும் நம்பினால், பெற்ற பட்டினத்துக் குரலும் நிலைப்பதில்லை.

மறுபுறம் ஒரு நல்லுதாரணமும் உண்டு. 1985-ல் ஆஸ்திரேலியாவின் முதல் உள்நாட்டுத் தகவல்தொடர்புச் செயற்கைக் கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதன் வழியாகப் பட்டினத்து நிகழ்ச்சிகள் பாலைநிலத்தையும் நிறைத்துவிடுமென்று அங்கு வாழும் ஆதிக்குடிகள் அஞ்சினர். அக்கோள் ஏவப்படுவதற்கு முன்னரே யுவெண்டுமு என்னும் சிற்றூரில் வால்பிரி மக்கள் லைசென்சு இன்றியே தம் சொந்த ஒளிபரப்பைத் தொடங்கினர். 1988-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஆதிக்குடிகளுக்கே உரிய இம்பார்ஜா நிலையம் எழுந்தது. எந்தக் கோள் அச்சத்தை விளைத்ததோ, அதையே அவர்கள் தம் குரலுக்கு ஊர்தியாக்கிக் கொண்டனர்.

இவற்றிலிருந்து நாம் கொள்ளும் முடிவு இது: சமத்துவம் என்பது எண்ணிக்கையில் மட்டும் அடங்குவதன்று. பட்டினத்தான் காண்பதை நாட்டுப்புறத்தானும் காணல் ஒரு சமத்துவம். பட்டினத்தான் தன் ஊரைத் தன் திரையிற் காண்பதுபோல் நாட்டுப்புறத்தானும் தன் ஊரைக் காணல் மற்றொன்று. முன்னதை அளித்த சட்டம் பின்னதைக் காக்கத் தாமதித்தது. காட்டுத் தீயும் பெருவெள்ளமும் அடிக்கடி தாக்கும் நாட்டில் ஊர்ச் செய்தி வெறும் பொழுதுபோக்கன்று, உயிர்காப்பும் ஆகும். ஆதலின் அதனை இலாபக் கணக்கிற்கு மட்டும் விட்டுவிடாமல், பொதுப் பொருளின் உதவியாலேனும் நிலைநிறுத்துவது அரசின் கடமை என்பதே நம் துணிபு. வாய் திறவாத ஊருக்கு வழக்கு ஏது? தன் குரலைப் பிறரிடம் ஒப்படைத்த ஊர், தன் குறையைச் சொல்லவும் பிறர் வாயையே நோக்கி நிற்க நேரும்.