போட்டோவைக் கூண்டில் ஏற்றுங்கள், வாத்தியாரே!

பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான். வருஷத்தை மனப்பாடம் செய். தலைவர் பெயரை மனப்பாடம் செய். பரீட்சை முடிந்த மறுநாள் மறந்து போ!

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. போன நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரத்துக்குப் போட்டோ என்ற நேரடிச் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சியைக் கூப்பிட்டு விசாரிக்காமல் பாடம் நடத்தினால் தூக்கம் வராமல் என்ன வரும்?

இப்போது வரும் பாடப் புத்தகங்களைச் சும்மா சொல்லக் கூடாது. நல்ல தாள், கலர் அச்சு. ஆனால் சரித்திரப் பக்கத்துப் போட்டோ பெரும்பாலும் தபால்தலை அளவு. கீழே ஒரு பெயர். எடுத்தது யார், எந்தத் தேதி, பக்கத்தில் நிற்பவர் யார்? மூச்சு விடுவதில்லை.

கிரைம் செய்திக்கு அலைகிறவனுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கொலை நடந்த இடத்தைப் போலீசார் ஒரே ஒரு படத்தோடு விடுவதில்லை. தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று, நாலு பக்கமும் எடுப்பார்கள். கத்தி கிடந்தால் பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடுப்பார்கள். அதைக் கோர்ட்டில் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா? "எடுத்தது யார்? எத்தனை மணிக்கு? ஓரத்தை வெட்டினீர்களா?" என்று குடைந்து எடுத்துவிடுவார். சாதாரண அடிதடி கேசுக்கே இந்தப் பாடு. ஒரு நாட்டையே உலுக்கிய போட்டோவை மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் பிள்ளை கையில் கொடுப்பதா?

எப்படி விசாரிப்பது என்று கேட்கிறீர்களா? ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்.

பஸ் ஸ்டாப்பில் தனியாக...

அமெரிக்காவில் லிட்டில் ராக் என்று ஓர் ஊர். 1957 செப்டம்பர் 4. கறுப்பு இனச் சிறுமி ஒருத்தி நோட்டுப் புத்தகத்தை அணைத்துக்கொண்டு நடந்து போகிறாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பின்னால் வெள்ளையர் கூட்டம். அவளுக்கு நேர் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் வாயைக் கிழித்துக்கொண்டு கத்துகிறாள்.

படத்தில் இருப்பது இவ்வளவுதான். இனி விசாரணை!

சிறுமி யார்? எலிசபெத் எக்போர்டு. வயசு 15. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று பிரிப்பது செல்லாது என்று 1954-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதன்படி வெள்ளையர் பள்ளியில் சேர வந்த ஒன்பது பேரில் இவளும் ஒருத்தி. அன்றைக்குப் போட்டுக்கொள்ள என்றே புது கவுன் தைத்து வைத்திருந்தாள்.

ஏன் தனியாக வந்தாள்? மற்றவர்கள் எல்லோரும் ஓர் இடத்தில் கூடிச் சேர்ந்து போவதாக ஏற்பாடு. இவள் வீட்டில் டெலிபோன் இல்லை. தகவல் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் காரணம்! இதைச் சொன்னதும் வகுப்பில் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

தடுத்தது யார்? படத்தில் கத்துகிற கும்பல் மட்டும் அல்ல. மாநில கவர்னர் ஆர்வல் பாபஸ் துப்பாக்கிப் படையை நிறுத்தியிருந்தார். வெள்ளைப் பிள்ளைகளுக்கு வழி விட்ட சிப்பாய்கள், இவள் வந்ததும் மறித்துக்கொண்டார்கள். இது தெரியாத பிள்ளை, பள்ளிக்கூட வாசலில் ஏதோ பொம்பளைச் சண்டை என்றுதான் நினைக்கும்.

எடுத்தது யார்? வில் கவுண்ட்ஸ். அந்த ஊர்ப் பத்திரிகைப் போட்டோகிராபர். வயசு 26. அதே பள்ளியில் படித்தவர்! தான் படித்த பள்ளிக்கூடத்து மானம் கப்பலேறுவதைத் தானே படம் பிடித்தார். சக தொழில்காரன் என்ற முறையில் ஒரு சலாம்.

பிறகு என்ன நடந்தது? அந்தச் சிறுமி பஸ் ஸ்டாப்பு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கும்பல் சுற்றிக்கொண்டது. நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். ஒரு வெள்ளைக்கார அம்மாள் துணை நின்று பஸ் ஏற்றிவிட்டார். அதே மாதம் ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். சிப்பாய்கள் காவலோடு ஒன்பது பேரும் 25-ந் தேதி உள்ளே போனார்கள். கவர்னர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த வருஷம் ஊரில் இருந்த உயர்நிலைப் பள்ளிகளை ஒரு வருஷத்துக்கு மூடியே போட்டுவிட்டார்!

கத்திய பெண்? ஹேசல் பிரையன். அவளுக்கும் 15 வயசுதான். சில வருஷம் கழித்து எலிசபெத்துக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். 1997-ல் இருவரையும் அதே பள்ளி வாசலில் நிறுத்தி, அதே கவுண்ட்ஸ் மறுபடியும் ஒரு படம் எடுத்தார். சிரித்தபடி நின்றார்கள். அந்தச் சிநேகம் நீடிக்கவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். சினிமா முடிவு வேண்டாம்.

ஒரு போட்டோ. ஒரு பீரியடு. சட்டம், கோர்ட்டு, கவர்னர், ஜனாதிபதி எல்லாம் வந்துவிட்டது. மனப்பாடம் எங்கே செய்தோம்?

சாட்சி பல்டி அடிப்பதும் உண்டு. ரஷியாவில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நடந்து போன போலீஸ் மந்திரி யெசோவ், 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு வந்த பிரதியில் அவர் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்! இரண்டு படத்தையும் அக்கம்பக்கம் அச்சடித்தால் போதும். வாத்தியார் வாயே திறக்க வேண்டாம்.

இதெல்லாம் வீண் வேலை என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018-ல் பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று செல்போனில் புரளி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியும், பழவேற்காட்டில் ஓர் ஆளும் அடித்தே கொல்லப்பட்டார்கள். அந்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் கடைசிக் காட்சியை எவனோ வெட்டி எறிந்துவிட்டான். "இது எங்கே எடுத்தது? மீதி எங்கே?" என்று கேட்கப் பழகாத கைகள்தானே கல்லை எடுத்தன?

நம்ம ஊர்ப் படம்

சரி, வெளியூர் கதை போதும். சென்னைக்கு வருவோம். 1876-லிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் செத்தவர்கள் அரை கோடிக்கும் மேல் என்று கணக்கு. அதற்குப் போட்டோ இருக்கிறது. எலும்பும் தோலுமாக ஆண், பெண், குழந்தைகள் கேமரா முன் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஆள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அப்படியானால் அவர்களை உட்கார வைத்து, அசையாதே என்று சொன்னது யார்?

வில்லோபி வாலஸ் ஹூப்பர். சென்னை ராணுவத்து வெள்ளைக்கார அதிகாரி. பட்டினி கிடந்தவர்களைப் படம் எடுத்தாரே தவிர உதவி செய்யவில்லை என்று அவர் மேல் பழி உண்டு. இதே ஆசாமி 1886-ல் பர்மாவில் மாண்டலேயில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும்போது கேமராவோடு நின்றார். படம் சரியாக விழ வேண்டும் என்பதற்காகச் சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று புகார் கிளம்பியது. விசாரணை நடந்தது. லண்டன் பார்லிமெண்டு வரை பேச்சு போனது.

பஞ்சப் படம் பொய்யா? இல்லை. அந்த விலா எலும்பு பொய் சொல்லாது. ஆனால் எடுத்தவன் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைக்கு வெள்ளைக்காரன் ராஜ்யம் என்றால் என்ன என்று புரியும். அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்குப் போன ஆளுக்கு ரிச்சர்டு டெம்பிள் துரை நிர்ணயித்த படி, ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும். ராத்தல் என்றால் அரைக் கிலோ கூட இல்லை. மண் வெட்டுகிற ஆளுக்கு!

எங்கே வெட்டினார்கள்? கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர். 1877, 78-ல் பஞ்ச நிவாரணமாக வெட்டியது. அதுதான் நகருக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாய். பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் பக்கம் தினம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறோமே, அதே சாக்கடைதான்.

எலும்புக்கூடு மாதிரி ஆட்களைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று சில பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்றாம் வகுப்புக்கு வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டலாம். அந்த வயசுப் பையன் இதைவிடக் கோரமானதைச் செல்போனில் தினம் பார்க்கிறான். பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் பார்க்கிறான்.

செலவு? ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு படம் போதும். முழுப் பக்கம் போடுங்கள். கீழே எடுத்தவர் பெயர், தேதி, இடம். பக்கத்தில் நாலு கேள்வி. விடையைப் புத்தகத்தில் அச்சடிக்க வேண்டாம். பஞ்சப் பாடத்தை நடத்துகிற சென்னை வாத்தியார், படத்தைக் காட்டிய கையோடு பிள்ளைகளைத் திருமயிலை ஸ்டேஷன் மாடிக்குக் கூட்டிப் போய்க் கீழே பார்க்கச் சொல்லலாம். பிளாட்பாரம் டிக்கெட் காசை அரசாங்கம் கொடுக்கட்டும்.