செயலி மருத்துவராகாது!

பதின்பருவத்தினரின் மனச்சோர்வைப் போக்கக் கைபேசிச் செயலியே போதும் என்ற பிரச்சாரம் உரத்து ஒலிக்கிறது. வீட்டில் வாய் திறக்க அஞ்சும் பிள்ளைக்கு நள்ளிரவில் அது முதல் ஆறுதலாகலாம், மறுக்கவில்லை. ஆனால், அதன்பின் அப்பிள்ளை நாட வேண்டிய மருத்துவர் எங்கே?

13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு உண்டென 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு கண்டது. லட்சம் பேருக்கு 3 மனநல மருத்துவர்கள் தேவை, இருப்பதோ 0.75. 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது.

மோடி அரசு செய்ததென்ன? 2022இல் 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை ஆரவாரமாகத் தொடங்கியது. 2023-24இல் சுமார் 134 கோடி ரூபாயாக இருந்த ஒதுக்கீட்டை மறு ஆண்டே 90 கோடியாக வெட்டியது. அதே 2024இல் செயலியை வெளியிட்டுப் பெருமை பேசியது!

தனியார் செயலிகளின் யோக்கியதையும் அம்பலமானதே. பயனாளர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்திற்காக ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு அளித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெட்டர்ஹெல்ப், 2023இல் அமெரிக்காவில் 78 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. கண்ணீரையும் சரக்காக்கும் சந்தையிடம் நம் பிள்ளைகளை ஒப்படைப்பதா?

தேர்வுக் கெடுபிடியும், பயிற்சி மையக் கொள்ளையும், சாதியப் பாகுபாடும், வேலையின்மை அச்சமும் விளைவிக்கும் துயரை ‘மூச்சை ஆழ இழுத்து விடு’ என்ற அறிவுரை தீர்க்காது. மனநலச் சிகிச்சையை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவு உரிமையாக்கியுள்ளது. பள்ளிதோறும் நிரந்தர ஆலோசகர், அரசு மருத்துவமனைதோறும் மனநல மருத்துவர், வெட்டப்பட்ட நிதி முழுமையாக மீட்பு ஆகிய கோரிக்கைகளுக்காக மாணவர், இளைஞர், மாதர் இயக்கங்கள் ஒன்றுபட்டுப் போராட வேண்டும். செயலி துணையாக இருக்கட்டும். அரசு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியாக அல்ல.