முன்பக்கக் கம்பி யாரைக் காக்கிறது?

புதுக் கார் வாங்கியதும் முன்னால் இரும்புக் கம்பி பொருத்தும் பழக்கம் நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. ‘கம்பி இருந்தால் வண்டிக்கும் பாதுகாப்பு, உள்ளே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு’ என்று படித்தவர்களே அடித்துச் சொல்கிறார்கள். சின்ன உரசலில் பம்பர் தப்பும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் பொய் நம்பிக்கை. அதற்கு உயிரைக் கொடுப்பவர் சாலையோரம் நடந்துபோகிறவர்.

இன்றைய காரின் முன்பக்கம் நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகிறது. பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி விடுவது, மோதும் தலை தகட்டோடு அமுங்கி, அடியிலுள்ள கனத்த இரும்பில் இடிக்காமல் நிற்பதற்காக. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 1997 முதலே இதைச் சோதித்து மதிப்பெண் போடுகிறது. நம் நாட்டிலும் ஏஐஎஸ் 100 என்ற தரவிதி இருக்கிறது. மனிதக் காலைப் போன்ற கருவியைப் பம்பரிலும், தலைக்கு ஈடான உருண்டைகளைப் பானெட்டிலும் வேகமாக மோதவிட்டுப் பார்க்கிறார்கள். குழந்தையின் தலைக்கு மூன்றரை கிலோ, பெரியவரின் தலைக்கு நாலரை கிலோ.

இப்படித் தேறிவந்த வண்டியின் முன்னால் கம்பியைப் போல்ட் போட்டு முறுக்கினால் அத்தனை உழைப்பும் பாழ். கம்பி அமுங்காது. மோதலின் விசை முழுவதும் குறுகலான ஓர் இடத்தில் இறங்கும். பெரியவருக்கு அந்த இடம் தொடையோ இடுப்போ. சிறு குழந்தைக்கு அது நெஞ்சு, தலை. உள்ளே இருப்பவர்களுக்கும் நன்மையில்லை: நசுங்கி அதிர்ச்சியைத் தாங்கவேண்டிய பகுதியைத் தாண்டி, கம்பி அதை நேரே சேஸிஸுக்குக் கடத்துகிறது. ஏர்பேக் சரியான நொடியில் விரிவதையும் கெடுக்கக்கூடும்.

‘நடந்துபோகிறவன் பார்த்துப் போக வேண்டாமா?’ என்பார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். நடைபாதையைக் கடைக்கும் பைக்குக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, அவர்களைத் தார்ச்சாலையில் இறக்கிவிட்டவர்கள் நாம். ஒருவர் கவனமில்லாமல் குறுக்கே வந்தார் என்றே இருக்கட்டும். அந்தப் பிழைக்கு மரண தண்டனையா?

2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இந்தக் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு மாறானவை என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அபராத ரசீதோடு வண்டியை விட்டால் அடுத்த தெருவிலும் அதே கம்பிதான் வரும். அங்கேயே கழற்றவைத்த பிறகே அனுப்ப வேண்டும். அந்த வேலை அரசு வண்டிகளிலிருந்தும் கட்சிக்கொடி கட்டிய வண்டிகளிலிருந்தும் தொடங்க வேண்டும்.