ஆங்கில வகுப்பறையில் தொழில்நுட்பம்: பார்ப்பதற்கா? பேசுவதற்கா?

"இங்கிலீஷ் படிச்சா புரியும், ஆனா பேச வராது!"

தமிழகத்தில் கல்லூரி முடித்து வேலை தேடும் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. தேய்மானம் கணக்கிடவும், இருப்புநிலைக் குறிப்பைத் தப்பில்லாமல் தயாரிக்கவும் தெரிந்த பி.காம். மாணவர், நேர்முகத் தேர்வில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் வியர்த்துப் போகிறார். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள், அதன்பிறகு கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலம். இவ்வளவு படித்தும் ஏன் இந்த நிலை?

காரணம் எளிமையானது. அவர் ஆங்கிலத்தை எழுதியிருக்கிறார், மனப்பாடம் செய்திருக்கிறார், ஆசிரியர் வாசிக்கக் கேட்டிருக்கிறார். வாய் திறந்து பேசியதுதான் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வகுப்பில் 60 பேர். ஒரு பீரியட் 50 நிமிடம். ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்காமல், பாடமும் நடத்தாமல், முழு நேரத்தையும் மாணவர்களுக்கே பிரித்துக் கொடுத்தாலும் ஆளுக்கு 50 விநாடிதான் கிடைக்கும்! நடைமுறையில் முதல் பெஞ்சில் நாலு பேர் பேசுவார்கள். கடைசி பெஞ்ச், ஆசிரியர் கண்ணில் படாமல் தலையைக் குனிந்து கொண்டிருக்கும்.

ஆக, ஆங்கில வகுப்பில் பற்றாக்குறையாக இருப்பது பேசும் நேரம். எந்தக் கருவி வகுப்புக்குள் வந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஒவ்வொரு மாணவரும் பேசும் நேரம் இதனால் கூடுமா?

பார்க்க வைத்த கருவிகள்

இதுவரை வந்தவை பெரும்பாலும் மாணவரைப் பார்க்கவும் கேட்கவும் வைத்த கருவிகளே. கல்விக்காகவே இந்தியா 2004 செப்டம்பரில் எஜுசாட் செயற்கைக்கோளை ஏவியது. 2018ல் தமிழகப் பாடநூல்களில் கியூஆர் கோடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இவற்றால் பயன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல உச்சரிப்பைக் கேட்க வாய்ப்பே இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு இவை பெரிய உதவி. ஆனால் திரையில் இருப்பவர் பேச, மாணவர் கேட்கிறார். நீச்சலை டிவியில் பார்த்துக் கொண்டே இருந்தால் நீந்த வந்துவிடுமா?

கருவியைக் கையிலேயே கொடுத்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. தென் அமெரிக்க நாடான பெரு, குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் கிராமப்புறப் பள்ளிகளுக்கு மடிக்கணினி கொடுத்தது. அங்கே 319 பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2012ல் வந்தது. சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் கணிதத்திலோ மொழிப் பாடத்திலோ மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கருவி புதிது, பாடம் நடத்தும் முறை பழையது என்றால் இப்படித்தான் ஆகும். வணிகவியல் மொழியில் சொன்னால், சொத்துக் கணக்கில் ஏறியது, வருமானக் கணக்கில் ஏறவில்லை!

பேச வைத்த கருவி

சாதாரண செல்போனை வைத்தே மொழிப் பாடம் நடத்த முடியும் என்று காட்டிய நாடு வங்கதேசம். 2009 நவம்பரில் பிபிசி ஜனாலா என்ற சேவை அங்கே தொடங்கியது. 3000 என்ற எண்ணை அழைத்தால் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் கேட்க முடிந்தது. ஸ்மார்ட்போனோ இணையமோ தேவைப்படவில்லை.

அதற்கும் முன்பே ஹைதராபாத்தில் சுகதா மித்ரா குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். பேசுவதை எழுத்தாக்கும் மென்பொருளைப் பள்ளிக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். சொன்னதைக் கணினி தப்பாக எழுதினால், சரியாக எழுதும் வரை குழந்தைகள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். உச்சரிப்பு நன்றாக முன்னேறியது என்று 2003ல் முடிவை வெளியிட்டார்கள். அன்று கணினியும் தனி மென்பொருளும் தேவைப்பட்ட அந்த வசதி, இன்று ஸ்மார்ட்போன் கீபோர்டில் ஒரு மைக் படமாக இருக்கிறது. 'ஃபைல்' என்று சொல்ல நினைத்து 'பைல்' என்று சொன்னால், கோப்பு குவியலாகி விடும்! சிரித்துக்கொண்டே திருத்திக் கொள்ளலாம், மானம் போகாது.

கல்லூரி வகுப்பில் செய்யக்கூடியது இதுதான். அறுபது பேரை நான்கு நான்கு பேராகப் பிரித்தால் 15 குழுக்கள். குழுவுக்கு ஒரு போன் போதும். தலைப்பு கொடுத்து, ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். எட்டே நிமிடத்தில் வகுப்பு முழுவதும் பேசி முடித்துவிடும். பிறகு தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொண்டு இரண்டாம் முறை பேசலாம். ஆசிரியர் அன்று ஐந்தாறு பதிவுகளை மட்டும் கேட்டுத் திருத்தினால் போதும். குரல் பதிவுக்கு நெட் பேக் கூட வேண்டாம்.

எதிர்ப்புகளும் பதில்களும்

"போனைக் கொடுத்தால் ரீல்ஸ் பார்ப்பார்கள்" என்று ஆசிரியர்கள் சொல்வது பொய்யல்ல. அதனால்தான் குழுவுக்கு ஒரு போன், எட்டு நிமிடம் என்ற கட்டுப்பாடு. போன் இல்லாத மாணவர் கூனிக் குறுகவும் இதில் இடமில்லை. மாணவிகளின் குரல் வெளியே பரவிவிடுமோ என்ற அச்சமும் நியாயமானதே. பதிவைக் கேட்டுத் திருத்தியதும் வகுப்பு முடிவதற்குள் அழித்துவிட வேண்டும் என்பதை விதியாகவே வைக்கலாம்.

இன்னொரு ஆபத்து 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு தொடங்கியது. விடுப்புக் கடிதமும் கட்டுரையும் சில விநாடிகளில் தயாராகி விடுகின்றன. மாணவர் எழுதிக் கொண்டு வரும் ஆங்கிலம் அவருடையதுதானா என்று ஆசிரியருக்குத் தெரிவதில்லை. ஆனால் எதிரில் நின்று பேசும் இரண்டு நிமிடத்தை யாரும் கடன் வாங்க முடியாது. பேச்சுப் பயிற்சி முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுவது இதனால்தான்.

கருவி ஆசிரியருக்கு மாற்றும் ஆகாது. போன் சொல்லைக் கேட்கும். தயங்கும் மாணவரின் முகத்தைப் பார்த்து "பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்லு" என்று தட்டிக்கொடுப்பது ஆசிரியர் மட்டுமே.

கடைசியாக ஒன்று. தேர்வில் கேட்காததை யாரும் படிக்க மாட்டார்கள். அகமதிப்பீட்டில் ஒரு பத்து மதிப்பெண்ணைப் பேச்சுக்கு ஒதுக்கினால், கடைசி பெஞ்சும் வாய் திறக்கும். லட்சங்கள் செலவழித்து ஸ்மார்ட் போர்டு வாங்கி மாட்டுவதற்கு முன், ஏற்கனவே மாணவர் சட்டைப் பையில் இருக்கும் கருவியைக் கல்லூரிகள் பயன்படுத்திப் பார்க்கட்டும். சுவரில் மாட்டியதற்கு ஆண்டுதோறும் தேய்மானம் உண்டு. பேசப் பழகிய நாக்குக்குத் தேய்மானமே கிடையாது!