பழைய மாத்திரைக்கு யார் பொறுப்பு?

குன்னூர் பாஸ்டியர் நிறுவனம் என்றதும் நமக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிதான் நினைவுக்கு வரும். நூறாண்டுக்கு முன் அங்கேதான் ராபர்ட் மெக்கரிசன் குரங்குகளுக்குச் சத்து நீக்கிய உணவைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் பெருங்குடல் அழன்று புண்ணானது. 2012-இல் வியன்னா ஆய்வாளர்கள் அந்த முடிவுக்குப் பக்கத்தில் வேறொரு வழியாக வந்து சேர்ந்தார்கள். ரத்த அழுத்த அமைப்பைச் சேர்ந்த ஏசிஇ2 புரதம், உணவிலுள்ள டிரிப்டோஃபான் என்ற சத்தைக் குடல் உறிஞ்சவும் உதவுகிறது. அது இல்லாத எலிகளைக் குடல் அழற்சி கடுமையாகத் தாக்கியது.

அதே அமைப்பில் ரத்தக் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் குடல் சுவரிலும் வேலை செய்கிறது; அழற்சியைத் தூண்டுகிறது, தழும்பையும் வளர்க்கிறது. லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் அதைத் தடுப்பவை. ஆய்வக எலிகளிடம் இவை குடல் புண்ணைக் குறைத்திருக்கின்றன. இவற்றை ஏற்கெனவே சாப்பிட்டுவந்த குடல் நோயாளிகள் மருத்துவமனையில் சேர்வது குறைவு என்று சில பழைய பதிவுகளும் காட்டுகின்றன. பதிவேடு சொல்வது சோதனைக்கு ஈடாகாது. ஆனால் காப்புரிமை முடிந்து சில ரூபாய்க்கு விற்கும் மாத்திரைக்கு எந்த நிறுவனம் கோடிகளைக் கொட்டும்? லட்சக்கணக்கில் செலவு வைக்கும் ஊசிகளுக்குத்தான் சோதனைப் பணம் போகிறது.

ஆகவே இந்த மாத்திரைகளைச் சோதிப்பது பொதுப் பணம் செய்யவேண்டிய வேலை. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மருந்தை மருத்துவக் கல்லூரிகள் ஆய்வுக்காகச் சோதிக்க, 2019 விதிகள் வழிவிடுகின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரியும் மருந்தியல் கல்லூரியும் இருக்கின்றன. ஆனால் சோதனைக்கு இந்த ஒரு மாவட்ட நோயாளிகள் போதமாட்டார்கள். கோவை, சென்னை, வேலூர் சேரவேண்டும்.

இங்குள்ள தேயிலைத் தோட்டங்களுக்கும் இதில் பங்குண்டு. நாளுக்குப் பத்து முறை வயிறு போகும் ஒருத்தி, ஒதுங்க இடமில்லாத தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கிறாள். குடல் பரிசோதனைக்குக் கோவை போக வேண்டுமென்றால், முதல் நாள் இரவே பேதி மருந்து குடித்துவிட்டு, பர்லியாறு வளைவுகளில் பஸ்ஸில் இறங்க வேண்டும். அன்றைய கூலியும் போகும். கூலியோடு விடுப்பும் ஒரு வண்டியும் தராமல் அவளைச் சோதனைக்கு அழைப்பதில் நியாயமில்லை. அதேசமயம் மேஸ்திரியோ ரைட்டரோ கேட்டு அவள் தலையாட்டினால் அது சம்மதமும் ஆகாது. மறுத்தாலும் வேலைக்கும் வைத்தியத்துக்கும் பங்கம் வராது என்று எழுத்தில் தர வேண்டும். இதனால் தயங்கும் தொழிற்சங்கத் தலைவர்களின் கவலை நியாயமானது. அவர்களை நெறிமுறைக் குழுவின் முன் அழைத்துப் பேசவைப்பதே சரி. இங்கே குடல் காசநோயும், குடல் அழற்சி நோய்களில் ஒன்றான கிரோன் நோய் போலவே தோன்றும். அதைப் பிரித்தறியாமல் யாரையும் சோதனையில் சேர்க்கக் கூடாது. மருந்து பலிக்கவில்லை என்றால் அந்த முடிவும் வெளிவர வேண்டும்.

முடிவு வரும்வரை, வீட்டிலிருக்கும் அம்மாவின் பிரஷர் மாத்திரையை எடுத்து வயிற்றுக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இவை ஆகாது. வயிற்றுப்போக்கில் உடல் நீர் வற்றிய நேரத்தில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் லைன் வீடுகளுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்கள், பட்டையைக் கையில் கொடுக்கும்போதே “வயிறு போகுதாம்மா?” என்று கேட்கலாம். அதற்கு ஆய்வு முடிவு வரக் காத்திருக்க வேண்டியதில்லை.